மலைப் பாதையில் நம்பும்படி எரிய வேண்டும்: பைக்கின் பெட்ரோல் எச்சரிக்கை விளக்கைச் சரிசெய்ய முழு வழிகாட்டி

முதுமலையில் தெப்பக்காட்டைத் தாண்டி மசினகுடி போகும் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது. யானையும் காட்டெருமையும் கடக்கும் இடம் அது. அங்கே பெட்ரோல் தீர்ந்து பைக் நின்றால் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது, அப்படியே காத்திருக்கவும் பயம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் என்று உள்ளே போகும் சாலையிலும் மூடுபனி இறங்கிவிட்டால் உதவிக்கு ஆள் கிடைக்க நேரமாகும். சமவெளியில் பெட்ரோல் விளக்கு கெட்டால் கொஞ்ச தூரம் தள்ளியாவது பங்க் போய்ச் சேரலாம். மலையில் அந்தச் சின்ன விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் எரியவும், அணைய வேண்டிய நேரத்தில் அணையவும் வேண்டும்.

இந்தப் பழுதைப் பார்ப்பதில் பலர் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் டேங்குக்குள் இருக்கும் சென்சாரைக் குற்றவாளி ஆக்குவது. டேங்கை இறக்கி, பெட்ரோலை வடித்து, கோவையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ புது சென்சார் வரவழைத்து மாட்டிய பிறகும் விளக்கு பழையபடியே இருக்கும். காரணம், மழையும் பனியும் மாறி மாறி நனைக்கும் ஊர்களில் முதலில் கெடுவது பெரும்பாலும் டேங்குக்கு வெளியே இருக்கும் கப்ளரும் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) எர்த் இணைப்பும்தான் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி). ஆகவே விளக்கிலிருந்து தொடங்கி டேங்கை நோக்கிப் போக வேண்டும். டேங்கைத் திறப்பது கடைசி வேலை.

முதலில் சரிவைக் கழித்துவிடுங்கள்

சென்சார் டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அளப்பதில்லை. டேங்கின் ஒரு குறிப்பிட்ட மூலையில் பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே அது பார்க்கிறது. தட்டையான சாலையில் இரண்டும் ஒன்றுதான். மலையில் ஒன்றல்ல.

பெரும்பாலான பைக்குகளில் சென்சார் டேங்கின் பின்பக்க அடியில், பெட்ரோல் வெளியேறும் இடத்துக்கு அருகில் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது பெட்ரோல் பின்னால் ஒதுங்கி சென்சாரை மூடிக்கொள்ளும். உண்மையில் குறைந்துவிட்டிருந்தாலும் விளக்கு எரியாது. அதே அளவு பெட்ரோலோடு இறங்கும்போது அது முன்னால் ஓடிவிடும், விளக்கு எரியும். சில வண்டிகள் அந்த இறக்கத்தில் இன்ஜினுக்கே பெட்ரோல் கிடைக்காமல் திணறும். ஏறும்போது அணைந்தும் இறங்கும்போது எரிந்தும் ஒழுங்காக மாறுகிறது என்றால் அது பழுதல்ல.

இன்னொன்றும் உண்டு. டேங்கின் அடிப்பகுதி ஃப்ரேம் குழாயின் மேல் சேணம்போல உட்கார்ந்திருக்கும். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் பள்ளம். பெட்ரோல் குறையும்போது இரண்டு பள்ளங்களிலும் தனித்தனியாகத் தேங்கும். சென்சார் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்ற இரவுக்குப் பிறகு, காலையில் விளக்கு வேறு கதை சொல்வது இதனால்தான்.

எனவே சோதனையை எப்போதும் மட்டமான தரையில், சென்டர் ஸ்டாண்டில் வைத்துச் செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லாவிட்டால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் கட்டை கொடுத்து வண்டியை நேராக நிறுத்தலாம். மலை ஊர்களில் வீட்டு வாசலே சரிவாக இருக்கும். மட்டம் கிடைக்காவிட்டால் பேருந்து நிலையம், சந்தைத் திடல் போன்ற இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது. கிளஸ்டர், அதாவது மீட்டர் தொகுதி, டிஜிட்டலாக இருந்தால் பெட்ரோல் அலைவதைக் கணக்கில் எடுக்காமலிருக்க வேண்டுமென்றே மெதுவாகத்தான் காட்டும். சாவி போட்டவுடன் பார்க்காதீர்கள், அணைத்து மறுபடி போட்டு, சில நிமிடம் விட்டுப் பாருங்கள்.

மட்டமான தரையிலும் தவறாக இருந்தால்தான் அடுத்த கட்டம்.

எந்த வகைச் சென்சார் என்று தெரிந்துகொள்வது

மூன்று வகை உண்டு. பார்வைக்கு வேறுபாடு தெரியாது; மல்டிமீட்டரில் தெரியும்.

முதலாவது தெர்மிஸ்டர். முள்ளோ கட்டங்களோ இல்லாமல் விளக்கு மட்டும் இருக்கும் வண்டிகளில் இது அதிகம். சூடானால் மின்தடை குறையும் ஒரு சிறு மணி இது. விளக்கோடு தொடராக இணைந்திருக்கும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ச்சியாக இருக்கும், தடை அதிகம், விளக்கு எரியாது. பெட்ரோல் இறங்கி மணி காற்றுக்கு வந்ததும், அதன் வழியே ஓடும் சிறு மின்சாரமே அதைச் சூடாக்கும். தடை விழும், மின்சாரம் கூடும், விளக்கு எரியும். இதற்கு நேரம் தேவை. அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம்வரை சாதாரணம்.

இரண்டாவது மிதவை. முள் அல்லது கட்டங்கள் காட்டும் வண்டிகளில் இதுதான். மிதவையின் கம்பி ஒரு தடைப் பட்டையின் மேல் விரல்போலத் தேய்த்துக்கொண்டு நகரும். கீழே போனதும் கிளஸ்டர் தானாகவே எச்சரிக்கை விளக்கைப் போடும்.

மூன்றாவது மிதவை சுவிட்ச். காந்தம் வைத்த மிதவை இறங்கியதும் சுவிட்ச் மூடும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க: சாவியை அணைத்து, டேங்குக்கு அடியிலிருந்து வரும் கப்ளரைப் பிரித்து, டேங்க் பக்க இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 1,000 ஓம் காட்டினால் தெர்மிஸ்டர்; 900 முதல் 1,300 வரை பொதுவான எல்லை. சில ஓம்களிலிருந்து நூறு ஓம் அல்லது சில நூறு ஓம்வரை, பெட்ரோல் அளவுக்கேற்ப மாறினால் மிதவை. பூஜ்யத்துக்கு அருகே அல்லது முற்றிலும் திறந்த நிலை (மின்சாரம் ஓட வழியே இல்லாதது) என இரண்டில் ஒன்று மட்டும் காட்டினால் சுவிட்ச். ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளில் இந்த விளக்கே கிடையாது. ரிசர்வ் குழாயைத் திருப்புவதுதான் எச்சரிக்கை.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் பம்ப்பும் சென்சாரும் ஒரே தட்டில், சில சமயம் ஒரே கப்ளரில் இருக்கும். தடித்த இரண்டு வயர்கள் பம்ப்புக்கு உரியவை. சாவி போட்டதும் சில விநாடி அதில் 12 வோல்ட் வரும். மெல்லிய வயர்கள்தான் சென்சாருக்கு. வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் அந்தக் கப்ளரில் எதையும் ஷார்ட் செய்யாதீர்கள்.

வேலைக்கு வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர். இரு முனையிலும் முதலை க்ளிப் வைத்த ஒரு முழ வயர். 8, 10, 12 எம்எம் டி ஸ்பானர்கள். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, பழைய பல் தேய்க்கும் பிரஷ், டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின் இணைப்பில் ஈரம் புகாமல் காப்பது). 12 வோல்ட் 3.4 வாட் பல்ப் ஒன்று, ஹோல்டரோடு. மிதவை வகை என்றால் 10 ஓம், 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, 5 வாட் அளவில். டேங்கைத் திறக்கப் போவதாக இருந்தால் மட்டும் புது ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அல்லது பேக்கிங், மூடியுள்ள இரும்புப் பெட்ரோல் கேன், பழைய ஸ்கூட்டர் டயர் ஒன்று, ஒரு வாளி உலர்ந்த மணல், முடிந்தால் பவுடர் தீயணைப்பான்.

பெட்ரோலைப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் பிடிக்காதீர்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்த பாட்டிலுக்கே தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் பெட்ரோலுக்கு அது ஏற்றதல்ல. மெல்லிய பாட்டில் ஆவியில் உப்பும், மூடி கசியும்.

வெளியே செய்யும் சோதனை

இதற்கு டேங்கை இறக்க வேண்டாம். சீட்டைக் கழற்றி, டேங்கின் பின்போல்ட்டை எடுத்து, பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கிக் கட்டை வைத்தால் கை போகும். பெரும்பாலான வண்டிகளில் கப்ளர் இடப்பக்கம் தொங்கும்.

தெர்மிஸ்டர் அல்லது சுவிட்ச் வகை, இரண்டே வயர் என்று உறுதியானால்: கப்ளரைப் பிரித்து, வண்டிப் பக்க இரண்டு முனைகளையும் முதலை க்ளிப் வயரால் இணையுங்கள். பிறகு சாவியைப் போடுங்கள். விளக்கு உடனே முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். எரிந்தால் பல்ப், ஃப்யூஸ், வயர், எர்த் எல்லாம் சரி. பழுது கப்ளரின் டேங்க் பக்கத்திலோ சென்சாரிலோ இருக்கிறது. எரியாவிட்டால் டேங்கைத் தொடவே வேண்டாம், பழுது வண்டிப் பக்கம். மங்கலாக எரிந்தால் எங்கோ ஒரு இணைப்பு களிம்பு பிடித்திருக்கிறது.

இப்போது க்ளிப் வயரை எடுத்துவிட்டு, கப்ளர் பிரிந்த நிலையிலேயே பாருங்கள். விளக்கு அணைய வேண்டும். பிரித்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தால் மீட்டருக்கும் கப்ளருக்கும் நடுவில் வயர் எங்கோ ஃப்ரேமைத் தொடுகிறது. குளிர் ராத்திரிகளில் எலி சூடான இன்ஜினுக்கு மேலே, டேங்குக்கு அடியில் வந்து ஒடுங்கும், வயரையும் கடிக்கும். டேங்கை முன்பு இறக்கி ஏற்றியவர் வயரை டேங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் நசுக்கிவிடுவதும் உண்டு. அந்த நீளம் முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள்.

மிதவை வகைக்கு நேரடியாக ஷார்ட் செய்வதைவிட ரெசிஸ்டர் வைத்துப் பார்ப்பது பாதுகாப்பு. பல வண்டிகளில் நிறைந்த டேங்கில் தடை 10 ஓமுக்குப் பக்கத்திலும், காலியில் 100 ஓமுக்குப் பக்கத்திலும் இருக்கும். வண்டிப் பக்கக் கப்ளரில் 10 ஓம் ரெசிஸ்டரைச் செருகிச் சாவி போட்டால் முள் முழுமையை நோக்கி நகர வேண்டும். 100 ஓம் வைத்தால் காலிக்கு இறங்கி, சற்று நேரத்தில் எச்சரிக்கை எரிய வேண்டும். சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும், அளவுகளும் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள ஓம் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் கப்ளரைப் பிரித்தால் காலி என்று காட்டி விளக்கு எரிவது பல வண்டிகளில் இயல்பு. அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. ரெசிஸ்டருக்குச் சரியாகப் பதில் சொல்கிறது என்றால் கிளஸ்டர் நல்லது. விலை உயர்ந்த கிளஸ்டரை மாற்றச் சொல்லும் யாரிடமும் இந்த ஒரு சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கப்ளரும் எர்த்தும்

மலையில் இந்தப் பகுதிதான் அதிக கவனம் கேட்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை வாரக்கணக்கில் விடாது. குன்னூர், கோத்தகிரிக்கும் பழனி மலைக்கும் வடகிழக்குப் பருவம் கனமாக வரும். அது ஓய்ந்ததும் பனிக்காலம். மழையில் நனையாத வண்டியிலும், காலை வெயில் பட்டதும் டேங்கின் குளிர்ந்த இரும்பில் நீர் முத்துமுத்தாகக் கோர்த்து வயர் வழியே கப்ளருக்கு வழியும். கப்ளருக்குள் செம்பு பச்சையாகக் களிம்பு பிடிக்கும்.

கப்ளரைப் பிரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ தூள் இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிரஷால் தேய்த்து, மறுபடி அடித்து உலரவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முனைகளின் மேல் உள்ள மெல்லிய தகரப் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே மறுபடி களிம்பு ஏறும். பெண் முனை (குழியாக இருப்பது) அகண்டுபோய் ஆண் முனையை (அதற்குள் நுழைவது) பிடிக்காமல் இருக்கலாம். மெல்லிய ஊசியால் அதன் உதட்டை லேசாக உள்நோக்கி அழுத்துங்கள். இது சின்ன வேலைதான். வளைவுகளில் மட்டும் விளக்கு மினுக்கும் தொந்தரவு பல வண்டிகளில் இதோடு நின்றுவிடும்.

களிம்பு வயருக்குள்ளும் ஏறும். கப்ளருக்கு அருகே வயர் விறைப்பாக இருந்தால் அரை அங்குலம் வெட்டித் தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டுங்கள். புதுத் துண்டு வயரை ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். வெறும் முறுக்கலும் இன்சுலேஷன் டேப்பும் மலை ஈரத்தில் ஒரு பருவம்கூடத் தாங்காது. டேங்க் வண்டியில் இருக்கும்போது ஈயப்பற்றுக் கோலைச் சூடாக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டேங்கை இறக்கித் தள்ளி வைத்துவிட்டே அந்த வேலை.

எர்த்தைச் சோதிக்கும்போது மல்டிமீட்டர் ஏமாற்றும். களிம்பு பிடித்த இணைப்பிலும் அது 12 வோல்ட் காட்டிவிடும். மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே எடுப்பதில்லை என்பதால் தடை தெரிவதில்லை. சுமை ஓடும்போதுதான் உண்மை தெரியும். தெர்மிஸ்டர், சுவிட்ச் வகைகளில் க்ளிப் வயரை இணைத்து விளக்கு எரியும்போது, கப்ளரின் எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் எர்த் போகும் வழியில் எங்கோ அடைப்பு. ஹோண்டா வழி வந்த வண்டிகளில் எர்த் வயர் பச்சை. பல யமஹாக்களில் கறுப்பு. அது ஃப்ரேமில் போல்ட் ஆகும் இடத்தைக் கண்டுபிடித்து, போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயிண்ட்டையும் சுரண்டி வெற்று இரும்பு தெரியச் செய்து இறுக்குங்கள். மேலே கிரீஸ் பூசுங்கள். இந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் பயன்படுத்தலாம்.

கப்ளரை மூடுவதற்கு முன் ரப்பர் சீலில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிதாகத் தடவி, வயர் கப்ளரைவிடக் கீழே தொங்கி மறுபடி மேலே ஏறும்படி ஒரு வளைவு கொடுத்துக் கட்டுங்கள். வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

பல்ப்பை எல்இடி ஆக்கியவர்களுக்கு

டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் விளக்கு எந்நேரமும் எரிகிறது, வண்டியில் தெர்மிஸ்டர் வகை, மீட்டர் பல்புகளை அண்மையில் எல்இடியாக மாற்றியிருக்கிறார்கள் என்றால் சென்சாரில் பழுது தேட வேண்டாம்.

கணக்கு எளிது. பெட்ரோலில் மூழ்கிய தெர்மிஸ்டர் 1,000 ஓம். 12 வோல்ட்டில் அதன் வழியே சுமார் 12 மில்லிஆம்பியர் ஓடும். 3.4 வாட் பல்ப் முழுதாக எரிய 280 மில்லிஆம்பியருக்கு மேல் வேண்டும். 12 மில்லிஆம்பியரில் அதன் இழை சிவப்பதுகூட இல்லை. எல்இடிக்கு அந்த 12 தாராளம். அதனால் அது எப்போதும் எரியும். கூடவே, எல்இடி மின்சாரத்தைக் கட்டுப்படுத்திவிடுவதால் தெர்மிஸ்டர் சூடாகவும் முடிவதில்லை.

பழைய 3.4 வாட் பல்ப்பையே மாட்டுவது சிறந்த வழி. எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்குப் பக்க இணைப்பாக (பேரலலாக) 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைக்கலாம். எரியும் பல்ப்பின் தடை சுமார் 42 ஓம் என்பதால் தெர்மிஸ்டருக்கு அது பழைய பல்ப் போலவே தெரியும். விளக்கு எரியும் நேரத்தில் அந்த ரெசிஸ்டர் சுடும். மீட்டரின் பிளாஸ்டிக்கைத் தொடாமல் உலோகத்தில் பொருத்துங்கள்.

டேங்கை இறக்கும் முன்

வெளியே எல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் இது.

குளிர் அடிக்கிறதே என்று கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து பள்ளமான இடத்தில் தேங்கும். பக்கத்து அறையில் கரியடுப்போ கணப்போ இருந்தால் அதுவரை தவழ்ந்து போகும். குளிரில் பெட்ரோல் பற்றாது என்ற நினைப்பும் தவறு. அது தீப்பற்றும் ஆவியை விடும் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்கு அருகில். தலைகுந்தாவில் புல்வெளி உறைபனியால் வெளுத்திருக்கும் காலையிலும் அது எரியத் தயாராகவே இருக்கிறது. அந்த உறைபனி மாதங்களில் காற்று வறண்டிருக்கும். கம்பளி ஸ்வெட்டரும் நைலான் ஜெர்கினும் உரசி உடம்பில் மின்னேற்றம் சேரும். டேங்க் மூடியைத் திறப்பதற்கு முன் பருத்தி உடைக்கு மாறி, ஃப்ரேமின் வெற்று இரும்பை ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதற்கும் முன், பம்ப் கப்ளரை மட்டும் பிரித்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அது தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். குழாயில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் இருக்கும். அதைத் தணிக்காமல் குழாயைப் பிடுங்கினால் முகத்தில் பீய்ச்சும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக் திருகியை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றினால் போதும். மூச்சுக்குழாய், வடிகால் குழாய் எது எங்கே போகிறது என்பதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பின்போல்ட்டை எடுத்து, டேங்கைப் பின்னால் இழுத்து முன்ரப்பர்களிலிருந்து விடுவித்துத் தூக்குங்கள்.

பெட்ரோலைக் கேனில் வடிக்கும்போது கடைசி 200 மில்லியைத் தனியாக ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் அது தண்ணீர். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். குளிர் கூடக் கூட இப்படிப் பிரிவது சுலபமாகிறது. சென்சார் இருப்பதும் அந்த அடியில்தான். முனைகள் அரிக்கப்படுவதும் மிதவைக் கம்பியின் சுழல் இடம் துருவேறி இறுகுவதும் இதன் விளைவு. தண்ணீர் கண்டால் டேங்கை முழுவதும் காலி செய்து உலர்த்தாமல் புது சென்சார் மாட்டாதீர்கள். பாதி டேங்கோடு வண்டியை வாரக்கணக்கில் வெளியே நிறுத்தும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

காலி டேங்கைப் பழைய டயரின் மேல், பழைய போர்வை விரித்து, சென்சார் மேல்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். பெயிண்ட் கீறாது, உருளவும் செய்யாது. நட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். மிதவை வகையில் சென்சாரைச் சாய்த்துச் சாய்த்து எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் கம்பி வளையும், வளைந்த கம்பி நிரந்தரமாகத் தவறான அளவைக் காட்டும். எந்தத் திசையில் எடுத்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திறந்த துளையைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள்.

சென்சாரைச் சோதிப்பது

12 வோல்ட் தொடும் எந்தச் சோதனையையும் டேங்கிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி, காற்றோட்டமான இடத்தில், சென்சார் முழுவதும் உலர்ந்த பிறகே செய்ய வேண்டும்.

தெர்மிஸ்டருக்கு: பேட்டரி பாசிட்டிவிலிருந்து 3.4 வாட் பல்ப், பல்ப்பிலிருந்து சென்சாரின் ஒரு முனை, மறுமுனை பேட்டரி நெகட்டிவ். காற்றில் இருக்கும்போது பல்ப் மெதுவாகச் சிவந்து, பிறகு எரிய வேண்டும். எரிந்ததும் சென்சாரின் மணியை ஒரு கிண்ணம் தண்ணீரில் முக்குங்கள். சில விநாடியில் அணைய வேண்டும். பெட்ரோலில் முக்கிச் சோதிக்கக் கூடாது, தண்ணீரே போதும். எரியவே இல்லை என்றால் மணிக்குள் இணைப்பு அறுந்துபோயிற்று. முக்கியும் அணையவில்லை என்றால் உள்ளே ஷார்ட். இரண்டுக்கும் பழுதுபார்ப்பு கிடையாது, மாற்றுவதுதான்.

இங்கே குளிரைக் கணக்கில் எடுக்காமல் நல்ல சென்சாரைத் தூக்கிப்போட்டுவிட வாய்ப்பு அதிகம். 25 டிகிரியில் 1,000 ஓம் காட்டும் மணி, ஊட்டியின் 5 டிகிரிக் காலையில் 2,000 ஓமைத் தாண்டிவிடும், 2,500 வரைகூடப் போகும். 1,000 ஓமில் அது தன்னைச் சூடாக்கிக்கொள்ளக் கிடைக்கும் சக்தி 144 மில்லிவாட். 2,500 ஓமில் 58 மட்டுமே. வெளிக்காற்றும் குளிர். இரண்டு நிமிடத்தில் எரிய வேண்டியது அதைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். எனவே சென்சாரை வீட்டுக்குள் அரை மணி நேரம் வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அளந்து முடிவு செய்யுங்கள். வண்டியிலும் இதே கதைதான். உறைபனிக் காலையில் சாவி போட்டதும் விளக்கு எரியவில்லை என்பதை வைத்துப் பெட்ரோல் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

மிதவைக்கு: மல்டிமீட்டரை இரு முனையிலும் வைத்து, மிதவையை மேலிருந்து கீழே மிக மெதுவாக நகர்த்துங்கள். எண் ஒரே சீராகக் கூடவோ குறையவோ வேண்டும். நடுவில் எங்காவது திடீரென்று திறந்த நிலை காட்டினால் அந்த இடத்தில் தடைப் பட்டை தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து மறுபடி பாருங்கள். விரல் தளர்ந்திருந்தால் மிகச் சிறிதாக வளைத்து அழுத்தம் கூட்டலாம். அப்போதும் எண் குதித்தால் புதிது வாங்குங்கள்.

எண் சரியாக இருந்து, வண்டியில் மட்டும் எப்போதும் காலி காட்டினால் மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருக்கலாம். காதருகே குலுக்கிப் பாருங்கள். சந்தேகமென்றால் அடுப்பிலிருந்து தனியாகக் கொண்டுவந்த சுடுநீரில் அமிழ்த்துங்கள். குமிழ் வந்தால் ஓட்டை. பித்தளை மிதவையின் ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கச் சிலர் முயல்வார்கள். உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும், செய்யவே கூடாது.

மாட்டுவதும் அளவு குறிப்பதும்

புது சென்சார் வாங்கும்போது சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பரைச் சரிபார்த்து வாங்குங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு ஓம் அளவு மாறியிருக்கலாம். மாட்டுவதற்கு இடம் ஒத்துப்போவதால் மட்டும் அது சரியான சென்சார் ஆகிவிடாது. ஓ ரிங்கையும் கட்டாயம் மாற்றுங்கள். பெட்ரோலில் ஊறி உப்பிய பழைய ரிங் மறுபடி உட்காராது. அதற்குப் பதில் சாதாரண சிலிக்கான் பசை வைப்பது நிற்காது; பெட்ரோலில் அது இளகி, துணுக்கு துணுக்காக உதிர்ந்து பெட்ரோல் வழியை அடைக்கும். நட்டுகளை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 6 எம்எம் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், 5 எம்எம்முக்கு அதில் பாதி. டேங்கில் பற்றவைத்த ஸ்டட் (மரையாணி) திருகிப் பிய்ந்துவிட்டால் முழு டேங்குக்கே செலவு.

ஒரு லிட்டர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து அரை மணி நேரம் வைத்துக் கசிவு பாருங்கள். ஈரம் இல்லை என்றால் வண்டியில் ஏற்றி, குழாய்களைப் படத்தைப் பார்த்து மாட்டி, கடைசியாகப் பேட்டரி நெகட்டிவை இணையுங்கள்.

டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்கும் இந்த நேரம் அரியது, வீணாக்காதீர்கள். வண்டியை மட்டத்தில் நேராக நிறுத்தி, சாவியைப் போட்டு, விளக்கு எரிவதைப் பாருங்கள். பிறகு 500 மில்லி அளவையால் ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் காத்திருந்து, எத்தனையாவது ஊற்றலில் விளக்கு அணைகிறது என்று எழுதுங்கள். கசிவு பார்க்க ஊற்றிய முதல் லிட்டரையும் கணக்கில் சேருங்கள். 2.5 லிட்டரில் அணைந்தால், விளக்கு மறுபடி எரியும்போது ஏறத்தாழ அவ்வளவு மிச்சம். அதில் கடைசிக் கொஞ்சம் பள்ளத்தில் தங்கி இன்ஜினுக்குப் போகாது. அரை லிட்டரைக் கழித்துவிடுங்கள்.

இனி அதை உங்கள் பாதைக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும். முதல் இரண்டு கியரிலேயே ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் சமவெளி மைலேஜ் கிடைக்காது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டியில் மட்டும் 36 வளைவுகள். வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் நாளில் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, டேங்கை விளிம்புவரை நிரப்பிக் கிளம்புங்கள். மேலே சேர்ந்ததும் மறுபடி விளிம்புவரை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். ஓடிய கிலோமீட்டரை அதனால் வகுத்தால் உங்கள் வண்டியின் ஏற்ற மைலேஜ் வரும். அந்த எண்ணையும், விளக்கு அணைந்த லிட்டரையும், ஏற்றத்தில் விளக்கு தாமதமாகத்தான் எரியும் என்ற குறிப்பையும் ஒரு காகிதத்தில் எழுதி, வண்டியின் சீட்டுக்கு அடியில் டூல் பையில் வைத்துவிடுங்கள். வண்டியை இரவல் வாங்கிப் போகிறவருக்கும் அது வேண்டும்.